ஊரே வந்து மண் பிசைய ஒரு கலைக்கூடம் தொடங்குவது எப்படி?

ஓவியமும் மட்பாண்டமும் செய்கிற நாலைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்தால், என்றாவது ஒருநாள் இந்தப் பேச்சு வந்துவிடும். "நாமே ஓர் இடம் பிடித்து, ஆசைப்படுகிற யாரும் வந்து செய்கிற மாதிரி ஒரு கூடம் ஆரம்பித்தால் என்ன?" மறுநாளே ஒருவர் சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று யோசிப்பார். இன்னொருவர் எட்டுச் சக்கரத்துக்கு விலை விசாரிப்பார். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம்.

முதல் மூன்று மாதத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் வந்தவர்களில் பாதிப்பேர் திரும்பி வரவில்லை. நம் சிரிப்பில் என்ன குறை, பாடத்தில் என்ன குறை என்று மண்டையை உடைத்துக்கொண்டோம். காரணம் அலமாரியில் இருந்தது. அவர்கள் செய்த பொருள்கள் அவர்கள் கைக்குப் போய்ச் சேரவே இல்லை. சில உடைந்துவிட்டன, சில யாருடையவை என்று தெரியவில்லை, மற்றவை ஆறு வாரமாகச் சுடப்படாமல் தூசி படிந்து கிடந்தன. முதன்முதலாக மண்ணைத் தொட்டு ஒரு கோணல் கிண்ணம் செய்தவருக்கு அந்தக் கிண்ணம்தான் எல்லாமே. அது அவர் பெயரோடு, சொன்ன நாளில், முழுசாகத் திரும்பி வர வேண்டும். கீழே சொல்லப்போகிற ஏற்பாடுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

முதலில் உங்களுக்குள் பேசி முடியுங்கள்

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள 'தி கிளே ஸ்டுடியோ' 1974-ல் ஐந்து கலைஞர்கள் தங்களுக்கு வேலை செய்ய ஓர் இடம் வேண்டும் என்று சேர்ந்து ஆரம்பித்தது. வகுப்புகளும் கண்காட்சிகளும் அப்புறம் வந்து சேர்ந்தவை. பெரும்பாலான கூடங்கள் இப்படித்தான், கலைஞர்களின் சொந்தத் தேவையிலிருந்து பிறக்கின்றன. அதில் தவறே இல்லை. ஆனால் சொந்த வேலையும் பொது வேலையும் ஒரே சூளைக்காகக் காத்திருக்கும்போதுதான் மனத்தாங்கல் தொடங்கும். கண்காட்சிக்கு நாள் நெருங்கிவிட்டது என்று நீங்கள் உங்கள் ஜாடிகளை ஏற்றுவீர்கள். வகுப்புக்கு வந்த பன்னிரண்டு பேரின் கிண்ணங்கள் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும்.

ஆகவே இடம் தேடுவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். மாதத்தில் எத்தனை சூளை பொதுமக்களுக்கு, எத்தனை உங்களுக்கு? யார் எந்த நாள் கூடத்தைக் கழுவுவது? சாவி யாரிடம்? ஒருவர் விலகினால் அவர் போட்ட பணமும் அவர் கொண்டுவந்த சக்கரமும் என்ன ஆகும்? நண்பர்களுக்குள் இதையெல்லாம் எழுதுவது கூச்சமாகத்தான் இருக்கும். எழுதாமல் விட்டுப் பிறகு முகம் திருப்பிக்கொள்வதற்கு இந்தக் கூச்சம் எவ்வளவோ தேவலை.

ஒரே மண், ஒரே சூடு

தொடங்குபவர்கள் மிகக் குறைவாக யோசிக்கிற விஷயம் இதுதான். ஆனால் மற்ற எல்லா முடிவுகளும் இதன்மீதுதான் நிற்கின்றன.

ஒவ்வொரு மண்ணுக்கும் அது வேகும் சூடு வேறு. சாதாரணச் செம்மண் பாண்டம் 1000 முதல் 1100 டிகிரி செல்சியஸுக்குள் வெந்துவிடும். ஆனால் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கல்பாண்டம் எனப்படும் ஸ்டோன்வேர் மண்ணில் ஒரு வகை 1220–1240 டிகிரியில் இறுகும், இன்னொரு வகைக்கு 1280–1300 வரை வேண்டும். கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சும் அப்படியே. எந்தச் சூட்டில் உருகி ஒட்ட வேண்டுமோ அதற்கென்று கலக்கப்பட்டிருக்கும்.

பொதுக்கூடத்துக்கு நான் சொல்வது 1220–1240 டிகிரியில் வேகும் ஒரே ஒரு மண்தான். தினமும் புழங்குகிற கோப்பைக்கும் தட்டுக்கும் தேவையான உறுதி வந்துவிடும். 1300 வரை ஏற்றி, சூளையைச் சூடாக்கும் மின்கம்பிகளைச் சீக்கிரம் தேய்க்கவும் வேண்டாம். முதல் வருடம் ஒரு மண், நான்கைந்து கிளேஸ், அவ்வளவு போதும். "இவ்வளவுதானா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இருக்கட்டும்.

எங்களிடம் ஒருவர் வீட்டில் செய்த சின்னச் சிலை ஒன்றைக் கொண்டுவந்தார். பார்க்க எங்கள் மண் மாதிரியே இருந்தது. ஏற்றிவிட்டோம். அது குறைந்த சூட்டில் வேகும் மண். சூளையைத் திறந்தபோது சிலை இருந்த இடத்தில் பழுப்பான ஒரு குட்டைதான் இருந்தது. பொருள்களை அடுக்கும் சூளைத் தட்டு பாழ், பக்கத்தில் இருந்த ஆறு பேரின் கோப்பைகள் அதில் ஒட்டிக்கொண்டன. அன்றிலிருந்து வெளிமண்ணுக்கு எங்கள் சூளையில் இடமில்லை. யார் கேட்டாலும், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி.

மண் சுருங்கும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பச்சை மண்ணாக 10 செ.மீ. உயரம் இருந்த கோப்பை, 12 விழுக்காடு சுருங்கும் மண்ணானால் 8.8 செ.மீ. ஆகத்தான் வெளியே வரும். சொல்லாவிட்டால், "என் கோப்பையை மாற்றிவிட்டீர்கள்" என்று சண்டைக்கு வருவார்கள். வந்திருக்கிறார்கள்.

இடம் பார்க்கும்போது

அழகான மாடி, பெரிய ஜன்னல், மரத்தரை என்று மயங்கிவிடாதீர்கள். தரைத்தளம்தான் நல்லது. மண் மூட்டைகளும் சக்கரங்களும் சூளையும் சேர்ந்தால் கனம் டன் கணக்கில் போகும். மாடிக்குத் தூக்குவது ஒரு பாடு, மாடி தாங்குமா என்பது வேறு கேள்வி. தரை சிமெண்ட்டாகவோ வழவழப்பில்லாத ஓடாகவோ இருக்கட்டும், ஈரத் துணியால் துடைக்க முடிய வேண்டும். கம்பளம் விரித்த இடம் என்றால் பார்க்கவே போகாதீர்கள்.

நீர் வசதி, காற்று வந்துபோக வழி, சூளைக்குத் தனி அறை அல்லது தடுப்பு, போதிய மின்சாரம், இந்த நான்கும் இருக்க வேண்டும். ஒரு சக்கரத்துக்கு, அமர்பவரையும் சேர்த்து, 2 மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் ஒதுக்குங்கள். அலமாரிக்கு நீங்கள் நினைப்பதைப் போல இரண்டு மடங்கு இடம் விடுங்கள். இதை இப்போது நம்ப மாட்டீர்கள், பரவாயில்லை.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இரண்டு பேரிடம் கேட்க வேண்டும். கட்டட உரிமையாளரிடம், "இங்கே 1200 டிகிரிக்கு மேல் போகும் மின்சூளை வைக்கப்போகிறோம்" என்று வாய்விட்டுச் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். 'கலை வகுப்பு' என்று மட்டும் சொன்னால் அவர் மனதில் வருவது வண்ணப் பென்சில். அடுத்து, காப்பீடு தருபவரிடமும் தீயணைப்பு விதிகளைப் பார்க்கும் அலுவலகத்திலும் சூளை வைக்க என்னென்ன நிபந்தனை என்று விசாரித்துவிடுங்கள். இது இடத்துக்கு இடம் மாறும்.

சூளை

கூடத்தின் அடுப்படி இதுதான். பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமானால் வேறு எதில் வேண்டுமானாலும் பிடியுங்கள்.

பழக்கமில்லாதவர்கள் நடத்தும் கூடத்துக்கு மின்சூளைதான் ஏற்றது. சூட்டைப் படிப்படியாக ஏற்றும் கட்டுப்பாட்டுக் கருவி உள்ளதாக வாங்குங்கள். 200 லிட்டர் அளவுள்ள ஒரு சூளை 11, 12 கிலோவாட் மின்சாரம் இழுக்கும். 240 வோல்ட் ஒற்றை முனை இணைப்பானால் 48 ஆம்பியர் அளவுக்குப் போகும். சுவரில் இருக்கிற சாதாரண பிளக் இதற்குத் தாங்காது. தனி கேபிள், தனி பிரேக்கர், உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன், மூன்றும் வேண்டும். மும்முனை மின்சாரம் இருக்கிற கட்டடமானால் நிறைய தலைவலி குறையும்.

சுவரிலிருந்து 45 செ.மீ. தள்ளி, தீப்பிடிக்காத தரைமீது வையுங்கள். பாண்டத்தை இரண்டு முறை சுடுவோம்; முதல் சூட்டில் மண்ணிலுள்ள மக்கிய பொருள் எரியும்போது கார்பன் மோனாக்சைடும் கந்தக வாயுவும் வரும். புகையை வெளியே தள்ளும் விசிறிக்குழாய் கட்டாயம். சூளை எரியும்போது அந்த அறையில் வகுப்பு நடக்கக் கூடாது. அறைக்குப் பூட்டு வேண்டும், குழந்தைகள் வருகிற கூடமானால் கேட்கவே வேண்டாம். உள்ளே எட்டிப் பார்க்கும் துளை வழியே வெறும் கண்ணால் பார்க்காதீர்கள், வெல்டிங் வேலைக்கான கருங்கண்ணாடி ஒன்றைப் பக்கத்திலேயே மாட்டி வையுங்கள்.

முதல் சூடு 1000 டிகிரி அளவில். பச்சைப் பாண்டம் வெந்து கெட்டிப்படும், ஆனால் கிளேஸை உறிஞ்சிக்கொள்ளும் அளவுக்கு நுண்துளை இருக்கும். இரண்டாவது சூட்டில் கிளேஸ் உருகும்.

சூளைக்குள் பானை வெடிப்பதைப் பற்றி ஒரு கதை எல்லோரும் சொல்வார்கள்: மண்ணுக்குள் காற்றுக்குமிழ் இருந்தால் வெடிக்கும் என்று. வெடிக்க வைப்பது காற்றல்ல, ஈரம். காயாத மண்ணில் மிச்சமிருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டும்போது நீராவியாகி, வெளியேற வழி கிடைக்காமல் சுவரைப் பிளக்கும். கனமான இடத்தில் ஈரம் அதிக நாள் தங்கும் என்பதால்தான் தடித்த பொருள்கள் அடிக்கடி வெடிக்கின்றன. பரிசோதனை எளிது. காய்ந்த பாண்டத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, ஏற்றாதீர்கள். சந்தேகமானால் சூளையை 80–90 டிகிரியில் இரவு முழுக்க வைத்திருந்து, காலையில் மேலே ஏற்றுங்கள். 600 டிகிரி வரை மணிக்கு 60 முதல் 100 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று கொஞ்சம் விரியும். ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அவசரப்பட்டு ஏற்றினாலும் இறக்கினாலும் அங்கேதான் விரிசல் விழும்.

சுட ஒரு நாள், ஆற ஒரு நாள். 100 டிகிரிக்குக் கீழே வரும்வரை மூடியைத் தொடாதீர்கள். என் கூட்டாளி ஒருவர் ஆவல் தாங்காமல் 200 டிகிரியில் ஒரு விரல் அளவு திறந்து பார்த்தார். தட்டுகள் ஒவ்வொன்றாக 'டிக்' 'டிக்' என்று விரிசல் விட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. குயவனுக்கு ஆறு மாதம், தடிக்காரனுக்கு அரை நாழிகை என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை.

சூளையின் திரை காட்டும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். கோன் எனப்படும் சின்னக் கூம்புகளை ஒவ்வொரு தட்டிலும் வையுங்கள். குறிப்பிட்ட அளவு வெப்பம் உள்ளே இறங்கியதும் அது தலைகுனியும். ஹெர்மன் சேகர் என்பவர் 1886-ல் கொண்டுவந்த முறை இது. பெயரைப் பார்த்து நம்மவர் என்று நினைத்துவிடாதீர்கள், அவர் ஜெர்மானியர். மேல்தட்டில் ஒரு மாதிரியும் கீழ்த்தட்டில் ஒரு மாதிரியும் கூம்பு வளைந்தால், உங்கள் சூளைக்கு எங்கே சூடு பற்றவில்லை என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு முறை சுடும்போதும் நோட்டில் ஒரு பக்கம் எழுதி வையுங்கள்: தேதி, யார் ஏற்றியது, எந்தச் சூடு, என்ன உடைந்தது.

சக்கரமும் மேசையும்

எட்டுச் சக்கரம் வேண்டாம். மூன்று போதும், அதற்குப் பதில் நல்ல கெட்டியான மேசைகள் இரண்டு போடுங்கள்.

சக்கரம் பார்க்கக் கவர்ச்சி. வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் சுழலும் மண்ணை நடுவில் நிறுத்தவே பலருக்கு நாலைந்து வகுப்பு பிடிக்கும். முதல் நாளே சக்கரத்தில் உட்கார வைத்தால், பத்தில் ஏழு பேர் சேற்றோடும் வெறுங்கையோடும் எழுந்து போவார்கள். மேசையில் அப்படியில்லை. ஓர் உருண்டையில் கட்டைவிரலைக் குத்திக் கிள்ளிக் கிள்ளி எடுத்தால் அரை மணியில் ஒரு கிண்ணம். மண்ணைத் திரி திரியாக உருட்டி அடுக்கினால் ஜாடி. தகடாகத் தேய்த்து வெட்டினால் தட்டு. முதல் வகுப்பு மேசையில், மூன்றாவது வகுப்பிலிருந்து சக்கரம், இதுதான் எங்கள் வழக்கம். சக்கரத்துக்கு வரும்போது அரைக் கிலோ மண் கொடுங்கள்; பெரிய உருண்டை கொடுத்தால் தோள்தான் வலிக்கும்.

வாங்கும்போது, இரண்டு பக்கமும் சுழலும் சக்கரமா என்று பாருங்கள். இடதுகைப் பழக்கம் உள்ளவருக்கு எதிர்ப்பக்கம் சுழன்றால்தான் வேலை ஓடும்.

மேசைமேல் சுருக்கமில்லாத கான்வாஸ் துணி அல்லது வெறும் பலகை. பிளாஸ்டர் பலகை ஈர மண்ணின் நீரை இழுக்க நல்லது, ஆனால் அதன் ஓரத்தை உலோகக் கருவியால் சுரண்ட விடாதீர்கள். ஒரு துணுக்கு பிளாஸ்டர் மண்ணில் கலந்துவிட்டால், சுட்டுப் பல நாள் கழித்தும் அந்த இடம் மட்டும் சில்லாகப் பெயர்ந்து விழும்.

ஓவிய மேசை ஒன்று, மண் மேசையிலிருந்து தள்ளி, நல்ல வெளிச்சத்தில். இது அலங்காரத்துக்கு அல்ல. மண்ணில் செய்தது கைக்கு வர மூன்று நான்கு வாரம் ஆகும். ஓவியம் அன்றே வீட்டுக்குப் போகும். முதல் நாள் வந்தவர் தன் கிண்ணத்துக்கு என்ன வடிவம், என்ன நிறம் என்று வரைந்து அந்தத் தாளைக் கையோடு எடுத்துப் போகட்டும். கிண்ணம் வரும்வரை குளிர்பதனப் பெட்டியின் கதவில் அது ஒட்டியிருக்கும். வண்ணங்கள் நீரில் கரைபவையாக இருக்கட்டும். டர்பன்டைன் வாசனையோடு மூடிய அறையில் பத்துப் பேர் உட்கார முடியாது.

தூசி

இதை யாரும் பயமுறுத்திச் சொல்ல மாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன். களிமண்ணிலும் கிளேஸ் பொடியிலும் சிலிகா இருக்கிறது. காய்ந்து பொடியாகி, கண்ணுக்குத் தெரியாத துகளாகக் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். வருடக்கணக்கில் சுவாசித்தால் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரும். வந்தால் நுரையீரல் பழையபடி ஆகாது. வாரம் ஒருமுறை வருகிறவரைவிட, தினமும் அங்கேயே இருக்கிற உங்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

ஆகவே கூடத்தில் துடைப்பம் இருக்கவே கூடாது. எங்கள் கூடத்துக்கு ஒருவர் அன்போடு ஒரு துடைப்பம் வாங்கி வந்தார். நன்றி சொல்லி, வாசலுக்கு மட்டும் என்று வைத்துவிட்டோம். உள்ளே எல்லாம் ஈரத் துடைப்புதான்: பஞ்சு, வாளி, மாப். மேசையைச் சுரண்டித் தட்டாமல் துடையுங்கள். காய்ந்த பாண்டத்தை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். ஈரப் பஞ்சால் வழித்தாலே சமமாகும். கிளேஸ் பொடி கலக்கும் நாளில் வெளியாள் யாரும் உள்ளே வேண்டாம், கலப்பவர் என்95 அல்லது அதற்கும் மேலான முகமூடி அணியட்டும். ஆரம்பத்தில் தயாராகக் கலந்த திரவ கிளேஸையே வாங்கிவிட்டால் இந்தப் பாடே இல்லை. அதிலும் ஈயம் இல்லை, உணவுப் பாத்திரத்துக்கு ஏற்றது என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். மண்படிந்த மேலங்கி கூடத்திலேயே இருக்கட்டும்; வீட்டுக்கு எடுத்துப் போய் உதறினால் தூசி வீட்டுக்குப் போகும்.

மண் கலந்த நீரைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் சில மாதத்தில் கல்லாகிவிடும். மூன்று வாளி வையுங்கள். முதலில் கழுவ, அடுத்து அலச, மூன்றாவதில் கடைசியாக முக்கி எடுக்க. அப்புறம்தான் குழாய். இரவு அப்படியே விட்டால் மண் அடியில் தங்கும், மேலே உள்ள தெளிந்த நீரை மட்டும் கொட்டிவிட்டு, அடிமண்ணை மறுபடி பிசைய எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு கிண்ணத்தின் பயணம்

இப்போது ஆரம்பத்தில் சொன்னதற்கு வருகிறேன். ஒருவர் செய்த பொருள் மேசையிலிருந்து அவர் கைக்குப் போகும்வரை எத்தனை பேர் கை மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் கணக்கில் குறைந்தது ஆறு. ஒவ்வொரு கைமாற்றத்திலும் அது உடையலாம், தொலையலாம்.

பெயரை மண் ஈரமாக இருக்கும்போதே அடியில் கீறச் சொல்லுங்கள். பேனாவால் எழுதினால் சூட்டில் எரிந்துபோகும், ஒட்டிய காகிதம் விழுந்துவிடும். பெயர் நீளமானால் இரண்டு எழுத்தும் தேதியும் போதும். எழுத விரும்பாதவர் ஒரு சின்னம் போடட்டும். அந்தச் சின்னத்தை நோட்டில் அவர் பெயருக்கு எதிரே வரைந்துவைத்துக் கொள்ளுங்கள்.

அலமாரியை ஐந்தாகப் பிரியுங்கள். ஈரமானவை, காய்கிறவை, முதல் சூட்டுக்குத் தயார், கிளேஸ் பூச வேண்டியவை, எடுத்துச் செல்லலாம். பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். வந்தவர் யாரையும் கேட்காமலே தன் கிண்ணம் இப்போது எந்தத் தட்டில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். யாரையாவது தேடிக் கேட்க வேண்டிய கூடத்தில், கூச்ச சுபாவம் உள்ளவர்கள் கேட்காமலே நின்றுவிடுவார்கள்.

காய்வதற்கு அவசரப்படாதீர்கள். தோல் பதம் வரும்வரை, அதாவது தோல் மாதிரி விறைத்து உள்ளே கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும் நிலை வரும்வரை, பிளாஸ்டிக் தாளால் மூடி வையுங்கள். கைப்பிடி ஒட்டிய கோப்பையை இன்னும் இரண்டு நாள் கூடுதலாக மூடுங்கள். மெல்லிய கைப்பிடி சீக்கிரம் காய்ந்து சுருங்கி, தடித்த உடம்பிலிருந்து பிரிந்துகொள்ளும். ஒட்டும் இடத்தில் இரண்டு பக்கமும் கீறி, மண்குழம்பு தடவி அழுத்தினார்களா என்று வகுப்பிலேயே பார்த்துவிடுங்கள்.

கிளேஸ் பூசும்போது அடிப்பாகத்தில் துளியும் இருக்கக் கூடாது, அடியிலிருந்து 3 மில்லிமீட்டர் உயரம் வரை பக்கச் சுவரிலும் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உருகித் தட்டோடு ஒட்டும். புதியவர்கள் எப்படியும் இரண்டு தடவைக்குப் பதில் நான்கு தடவை பூசுவார்கள். அவர்கள் பொருளுக்கு அடியில் வீண் மண்ணில் செய்து சுட்ட சின்ன வில்லை ஒன்றை வைத்து ஏற்றுங்கள். வழிந்தால் வில்லையோடு போகும், தட்டு பிழைக்கும்.

உடைந்தால் மறைக்காதீர்கள். துண்டுகளைப் பத்திரமாக எடுத்துவைத்து, அவர் வரும்போது ஏன் உடைந்தது என்று காட்டி, ஓர் உருண்டை மண் இலவசமாகக் கொடுங்கள். உடைந்ததைக் கேட்டு யாரும் எங்களை விட்டுப் போனதில்லை. "தேடிப் பார்க்கிறோம்" என்று மூன்று வாரம் இழுத்தடித்தபோதுதான் போனார்கள்.

வருகிறவர்கள்

"எனக்குக் கலையெல்லாம் வராதுங்க, சும்மா பார்க்க வந்தேன்." வாசலில் இதைச் சொல்லாதவர் குறைவு. பதில் சொல்லி நேரத்தைக் கழிக்காமல் கையில் ஓர் உருண்டை மண்ணைக் கொடுத்துவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் அவரே உட்கார்ந்திருப்பார்.

கற்றுத் தருகிறவர் ஒரு விஷயத்தில் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். கோணலாகப் போகிற கிண்ணத்தைப் பார்த்ததும் நம் கை தானாக நீளும், திருத்திவிடும். திருத்தினால் கிண்ணம் நேராகும், ஆனால் அது அவருடையதாக இருக்காது. கேட்காமல் தொடாதீர்கள். காட்ட வேண்டுமானால் உங்கள் உருண்டையில் செய்து காட்டுங்கள். சுவர் எவ்வளவு தடிமன் என்று காட்டப் பானையைக் கம்பியால் பாதியாக அறுப்பதுண்டு. அறுபடுவது உங்கள் பானையாக இருக்கட்டும்.

ஓர் ஆசிரியருக்கு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். சக்கர நாற்காலியில் வருகிறவர் உள்ளே வர முடியுமா என்று இடம் பிடிக்கும்போதே பாருங்கள்: கதவின் திறப்பு 80 செ.மீ.க்குக் குறையாமல், உள்ளே திரும்ப 150 செ.மீ. வட்டம், ஒரு மேசைக்கு அடியில் முழங்கால் நுழைய இடம். மேசைமேல் வைக்கும் சின்னச் சக்கரமும் கிடைக்கிறது. பார்வையற்றவர்களுக்கு மண் நல்ல துணை. கருவிகள் தினமும் அதே இடத்தில் இருந்தால் போதும், யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை.

வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருகிறவர்களுக்கு முற்பகல், பேச விருப்பமில்லாமல் சும்மா பிசைந்துகொண்டிருக்க வருகிறவர்களுக்கு வாரத்தில் ஒரு அமைதி நேரம். கடைசியாகச் சொன்னதைத் தயக்கத்தோடுதான் ஆரம்பித்தோம், இப்போது அதில்தான் இடம் கிடைப்பதில்லை.

கட்டணம்

சூளை ஏற்றும் முன்னும் இறக்கிய பின்னும் மீட்டரில் அளவு பார்த்து எழுதுங்கள். நாலைந்து முறை எழுதினால் ஒரு சூளைக்கு ஆகும் மின்சாரம் தெரிந்துவிடும். அதோடு மின்கம்பியும் தட்டுகளும் தேய்வதற்கு ஒரு தொகை, மண், கிளேஸ், வாடகை, சொல்லித் தருபவரின் ஊதியம், உடைவதற்கு ஒரு பங்கு. உங்கள் உழைப்பைச் சேர்க்காமல் கணக்குப் போட்டால் ஒரு வருடத்தில் களைத்துப்போவீர்கள், கூடமும் மூடிப்போகும்.

புதியவருக்கு மண், சூடு, கிளேஸ் எல்லாம் சேர்ந்து ஒரே தொகையாக இருக்கட்டும். "சுடுவதற்குத் தனியாக" என்று பிறகு கேட்பது நன்றாக இருக்காது. தனியாக வந்து செய்கிற பழகிய உறுப்பினர்களுக்கு மாதக் கட்டணமும், பொருளின் நீள, அகல, உயரத்தைப் பெருக்கிச் சூட்டுக் கட்டணமும் நியாயமாக இருக்கும். ஒவ்வொரு வகுப்பிலும் ஓர் இடத்தைப் பணம் கட்ட முடியாதவருக்கு வைத்திருங்கள். காரணம் கேட்காதீர்கள், சான்று கேட்காதீர்கள்.

திறப்பதற்கு முன்

விழா வைக்காமல் முதலில் தெரிந்தவர்கள் ஆறு பேரை அழைத்து ஒரு முழுச் சுற்று நடத்திப் பாருங்கள். செய்வது, காய்வது, முதல் சூடு, கிளேஸ், இரண்டாம் சூடு, கையில் கொடுப்பது வரை. எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணி, அதோடு ஒரு வாரம் கூட்டி, அதையே எல்லோருக்கும் சொல்லுங்கள். நான்கு வாரம் என்று சொல்லி மூன்றில் கொடுத்தால் மகிழ்வார்கள். மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

எடுக்க வராத பொருள்களுக்கும் ஒரு விதி வேண்டும், இல்லையென்றால் அலமாரி நிறைந்துவிடும். தயாரானதும் ஒரு செய்தி, முப்பது நாளில் இன்னொரு செய்தி, அறுபது நாள் முடிந்தால் பொருள் கூடத்துக்குச் சொந்தம், வருடத்துக்கு ஒருமுறை அவற்றை ஏலம் போட்டு அந்த இலவச இடங்களுக்குப் பயன்படுத்துவோம் என்று சேரும்போதே கையெழுத்து வாங்கிவிடுகிறோம். இப்போது எங்கள் பெட்டியில் மூன்று இருக்கின்றன. ஒன்றில் பெயர் இல்லை, அடியில் ஒரு மீன் மட்டும் கீறியிருக்கிறது, நோட்டிலும் அந்த மீன் இல்லை. அறுபது நாள் தாண்டி எவ்வளவோ ஆகிவிட்டது. ஒவ்வொரு ஏலத்துக்கும் அதை வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி பெட்டியிலேயே வைத்துவிடுகிறோம்.